தலைக்கு மேலே போவது எந்த விமானம்?

புளியஞ்சோலைக்கு யாரும் விமானம் பார்க்கப் போவதில்லை. திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் வழியாகச் சுமார் 70 கி.மீ. சென்றால் கொல்லிமலையின் கிழக்கு அடிவாரம் வந்துவிடும். மலை மேலே ஆகாய கங்கை அருவியில் விழுந்த தண்ணீர், ஐயாறாகப் பாறைகளுக்கு இடையே இறங்கி வரும். வருகிறவர்கள் குளிப்பார்கள், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள், மாலைக்குள் கிளம்பிவிடுவார்கள். நானும் குடும்பத்தோடு அப்படித்தான் போனேன். பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பெரியம்மாவையும் காரில் அழைத்துப் போயிருந்தோம்.

அங்கே மொபைல் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி, பாறை மேல் உட்கார்ந்து சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு முனகல் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் மலை. நடுவில் ஒரு முழத் துணி போல வானம். சத்தம் வந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பெரியம்மா தலையைத் தூக்கவே இல்லை. “இது திருச்சில எறங்கப் போறது சாமி. சத்தம் வர்ற எடத்துல தேடாத. முன்னால பாரு” என்றார். முன்னால் பார்த்தேன். மலை விளிம்பை ஒட்டி ஒரு சிறிய விமானம் போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கம்ப்யூட்டரில் இருபது ஆண்டு அனுபவம். பெரியம்மாவுக்கு மொபைலில் பச்சைப் பட்டனை அழுத்த மட்டும் தெரியும். இருந்தாலும் அவர் சொன்னது சரியா என்று பார்த்துவிட ஆசை. மணியை மட்டும் வினாடி வரை குறித்துக்கொண்டேன். வீடு திரும்பியதும் கம்ப்யூட்டரில் பிளைட்ரேடார்24 தளத்தைத் திறந்து, பிளேபேக் என்னும் வசதியில் அந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தேன். மேப்பில் கொல்லிமலை மீது ஒரு மஞ்சள் விமானம் ஊர்ந்தது. கிளிக் செய்தால் புறப்பட்ட இடம் பெங்களூரு, சேருமிடம் திருச்சி. விமான வகை ஏடி76, அதாவது ஏடிஆர் 72-600. பெரியம்மாவுக்கு நூற்றுக்கு நூறு.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது இந்தப் பொழுதுபோக்கு. வெளிநாடுகளில் விமான நிலையச் சுவர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விமானங்களின் பதிவு எண்களை நோட்டில் எழுதுகிறவர்கள் ஏராளம். எனக்கு எண்களில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அந்தச் சத்தம் ஏன் பின்னால் வருகிறது, அது ஏன் முனகுகிறது என்பதில்தான் ஆர்வம். அதற்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் இரண்டு மூன்று இலவச வசதிகளும் போதும்.

கோடு போட்டுப் பாருங்கள்

முதலில் உங்கள் ஊருக்கு மேலே எவையெல்லாம் போகக்கூடும் என்று தெரிய வேண்டும். கூகுள் எர்த் புரோகிராமை இயக்கி, டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைக் கிளிக் செய்திடவும். பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு கிளிக், திருச்சி விமான நிலையத்தில் ஒரு கிளிக். அந்தக் கோடு கொல்லிமலையின் கிழக்கு ஓரத்தை ஒட்டியே போகும். பெங்களூருவிலிருந்து கொழும்புக்கு ஒரு கோடு போட்டால் அதுவும் ஏறக்குறைய இதே இடத்தைத் தொடும். விமானங்கள் ரூலர் கோட்டில்தான் போகும் என்பதில்லை. அவற்றுக்கென்று வான்வழிகள் உண்டு, மழை மேகம் வந்தால் விலகிப் போகும். ஆனாலும் எந்தத் திசையில் காதை வைக்கலாம் என்பதற்கு இது போதும்.

பிளைட்ரேடார்24 பற்றியும் இரண்டு வரி. 2006ல் சுவீடனைச் சேர்ந்த இரண்டு விமான ஆர்வலர்கள் தொடங்கியது இது. இன்று பறக்கும் பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை தாம் எங்கே, எந்த உயரத்தில், என்ன வேகத்தில் இருக்கிறோம் என்பதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தாமாகவே அறிவித்துக்கொண்டே போகின்றன. ஏடிஎஸ்-பி என்பது இதன் பெயர். 2009ல் இந்தத் தளம், ரிசீவர் வைத்திருக்கும் யாரும் தம் வீட்டிலிருந்து தகவல் அனுப்பலாம் என்று கதவைத் திறந்தது. உலகம் முழுக்க வீட்டு மொட்டை மாடிகளில் இருக்கும் ரிசீவர்கள் சேர்ந்துதான் அந்த மேப்பை வரைகின்றன. மலை மறைத்தால் தாழப் பறக்கும் விமானம் மேப்பில் வராது. “தலைக்கு மேலே போகிறது, மேப்பில் இல்லையே” என்று குழம்ப வேண்டாம். கடந்த சில நாட்களின் பதிவுகளை இலவசமாகவே பார்க்கலாம். எனவே சிக்னல் இல்லாத இடத்தில் கவலைப்படாமல் நேரத்தை மட்டும் குறித்து வாருங்கள்.

சத்தம் ஏன் பின்னால் வருகிறது?

பெரியம்மா சொன்ன “முன்னால பாரு” என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேலே குளிர்ந்த காற்றில் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகும். 35,000 அடி என்பது ஏறக்குறைய 10.7 கி.மீ. அவ்வளவு உயரத்தில் நேர் மேலே போகும் ஜெட் விமானத்தின் சத்தம் உங்கள் காதுக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் அது எட்டு கிலோமீட்டர் போயிருக்கும். நீங்கள் கேட்பது அது விட்டுப்போன இடத்தை. திருச்சிக்கு இறங்கத் தொடங்கிய ஏடிஆர் 12,000 அடி வாக்கில் இருந்தால் இந்தத் தாமதம் பத்துப் பதினோரு வினாடிதான். சத்தத்துக்கும் விமானத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தே அது உயரத்தில் போகிறதா, தாழ்வாகப் போகிறதா என்று ஓரளவு ஊகிக்கலாம். பெரியம்மா இத்தனை ஆண்டுகளாக ஊகித்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். கேட்டால் “அது தெரியும்ல” என்பதோடு முடித்துவிடுகிறார்.

அடுத்தது அந்த முனகல். ஜெட் என்றால் இரைச்சல், ஏடிஆர் என்றால் ரீங்காரம். ஏடிஆர் 72-600ல் இரண்டு டர்போபிராப் இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இலைகள் கொண்ட புரொப்பல்லர். வேகம் பிடித்துப் பறக்கும்போது புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 984 முறை சுற்றும். வினாடிக்கு 16.4 சுற்று. ஆறு இலைகள் என்பதால் ஆறால் பெருக்கினால் 98 ஹெர்ட்ஸ். இந்த எண்ணை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்க முடியும்.

மொபைலில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து விமானம் வருவதிலிருந்து போகும் வரை பதிவு செய்திடவும். பைலை கம்ப்யூட்டருக்கு மாற்றி ஆடாசிட்டி புரோகிராமில் திறக்கவும். இது பழைய, நம்பகமான இலவச புரோகிராம்; 2000ல் வெளிவந்தது, இன்றும் மேம்படுத்தப்பட்டு வருகிறது. வேவ் அல்லது எம்பி3 பைல் என்றால் நேராகத் திறக்கும். சில போன்கள் எம்4ஏ வடிவில் சேமிக்கும். அதற்கு எப்எப்எம்பெக் என்னும் துணை பைல் தேவைப்படும். டிராக்கின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் செட்டிங்ஸில் விண்டோ சைஸை 8192 ஆக்கி, மேல் எல்லையை 500 ஹெர்ட்ஸ் என்று குறைத்தால் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரியும். 98, அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று. போன் மைக்குகள் தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும் என்பதால் அடிக்கோடு மங்கலாகவும் மேலே உள்ளவை தெளிவாகவும் இருக்கலாம். கவனித்தால் அந்தக் கோடுகள் நேராக இருக்காது. விமானம் நெருங்கும்போது 98க்கு மேலே தொடங்கி, தலையைக் கடந்ததும் சரிந்து கீழே போகும். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் படித்த டாப்ளர் விளைவு, படமாக! என் பையன் அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தான்.

ஒரு எச்சரிக்கை. புளியஞ்சோலையில் ஆற்றின் ஓரமாக நின்று பதிவு செய்யாதீர்கள். முதல் முறை நான் பதிவு செய்ததில் நான்கு நிமிடம் தண்ணீர்ச் சத்தமும், நடுவில் ஒரு குழந்தை சோப்பு கேட்டு அழுததும்தான் இருந்தன.

மொட்டை மாடியில் ஒரு குனிவு

இது விமான நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. விமானம் தாழப் பறந்து தலைக்கு மேலே வரும்போது சிமெண்ட் தரையில் நின்று அதன் “ஷ்ஷ்” என்ற இரைச்சலைக் கேளுங்கள். பிறகு சட்டென்று தரையை நோக்கிக் குனியுங்கள். இரைச்சலின் சுருதி ஏறும். நிமிர்ந்தால் இறங்கும். நேராக வரும் ஒலியும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் காதில் கலக்கின்றன. குனியும்போது இரண்டுக்கும் இடையே உள்ள தூர வேறுபாடு குறைவதால் இந்த மாற்றம். மூன்று முறை குனிந்து நிமிர்ந்தேன். எதிர் வீட்டுக்காரர் “என்ன சார், யோகாவா?” என்று கேட்டார்.

திருச்சியில் புதுக்கோட்டை சாலைப் பக்கம் போனால் பார்க்கவும் கேட்கவும் இன்னும் நிறைய உண்டு. போயிங் 737க்கு முக்கியச் சக்கரங்களை முழுதாக மூடும் கதவு கிடையாது. சக்கரத்தை உள்ளே இழுத்த பிறகும் வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஏர்பஸ் ஏ320ல் அது தெரியாது. ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு நிறம், பெயர் எதையும் படிக்கத் தேவையில்லை. பழைய ஏ320 இறங்க வரும்போது சில சமயம் மெல்லிய விசில் கேட்கும். இறக்கையின் அடியில் எரிபொருள் டாங்குக்கான வட்டத் துளைகள் இருக்கின்றன. பாட்டில் வாயில் ஊதினால் சத்தம் வருமே, அதே கதைதான். 2014ல் ஜெர்மனியின் லுஃப்தான்சா தன் ஏ320களில் அந்தத் துளைகளுக்கு முன்னால் சிறு உலோகத் துண்டுகளைப் பொருத்தி இந்த விசிலை அடக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நல்லது, எங்களைப் போன்றவர்களுக்கு நஷ்டம். பயணியாகப் போகும்போது ஏ320க்குள் தரைக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது போல் கேட்டால் பயப்பட வேண்டாம். ஒரு ஹைட்ராலிக் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அழுத்தத்தை மாற்றும் கருவியின் சத்தம் அது.

இரவில் இன்னும் எளிது. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை. உங்களுக்கு வலப்புறம் சிவப்பும் இடப்புறம் பச்சையும் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. இறக்கை நுனியின் வெள்ளை விளக்கு இரட்டை இரட்டையாக மின்னினால் பெரும்பாலும் ஏர்பஸ், ஒற்றையாக மின்னினால் போயிங்.

திருச்சி வட்டாரத்தில் சில நாட்கள் வேறு விதமான உறுமலும் கேட்கும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. அதைக் காதால் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவும். கேமராவை எடுக்க வேண்டாம்.

கேமரா பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 2010 பிப்ரவரியில் டில்லி விமான நிலையம் அருகே ஒரு ஓட்டலில் தங்கிய இரண்டு பிரிட்டிஷ்காரர்கள், ரன்வே தெரியும் அறையைக் கேட்டு வாங்கி விமானம் பார்த்தார்கள். பைனாகுலர், லேப்டாப்புடன் ரேடியோ ஸ்கேனரும் இருந்தது. போலீஸ் கைது செய்தது. சுமார் இரண்டு மாதங்கள் ஊர் திரும்ப முடியாமல் இருந்து, ஆளுக்கு ரூ.25,000 அபராதம் கட்டிய பிறகுதான் போக முடிந்தது. பைலட்டும் கண்ட்ரோல் டவரும் பேசுவதை ரேடியோவில் கேட்பது இங்கிலாந்திலேயே அனுமதி இல்லாத விஷயம். இங்கே கேட்கவே வேண்டாம். டிவி பார்க்கத் தயாரான யுஎஸ்பி டாங்கிளைக் கொண்டு விமானச் சிக்னலைப் பிடிக்கலாம் என்பது 2012க்குப் பின் பிரபலமான வித்தை. டம்ப்1090 என்னும் இலவச புரோகிராம் அதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் வயர்லெஸ் கருவிகளுக்கு நம் நாட்டில் சட்ட விதிமுறைகள் உண்டு. விசாரிக்காமல் வாங்காதீர்கள். நான் வாங்கவில்லை. காது, நோட்டு, தளம் மூன்றும் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன.

ஷார்ஜா விமானம்

பெரியம்மாவின் மகன், என் தம்பி முறை, ஷார்ஜாவில் எலக்ட்ரீசியன். எட்டு ஆண்டுகளாகிறது. பெரியம்மா விமானச் சத்தம் கேட்கப் பழகியது அதனால்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வீட்டு மேலே போய்த் திருச்சியில் இறங்குவது எதுவோ, அதில்தான் அவன் வருவான் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். ஷார்ஜாவிலிருந்து வரும் விமானத்தைச் சில நாட்கள் பிளேபேக்கில் தொடர்ந்து பார்த்தேன். நான் பார்த்த நாட்களில் அது புளியஞ்சோலைப் பக்கமே வரவில்லை. தெற்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி மேற்கிலிருந்து நேராகத் திருச்சிக்கு வந்துவிடுகிறது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். லேப்டாப்போடு போய்க் காட்டியேவிட்டேன்.

“தெரியும் சாமி” என்றார். “அவன் ஏறுறது பெரிசு, இது சின்னது. இது எறங்கப் போவுதுன்னா அங்க மழை காத்து இல்லேன்னு அர்த்தம். அதுக்குத்தான் கேக்கறது.”

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஒரு விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டு, எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே சுற்றியது நினைவிருக்கும். எங்கள் வீட்டார் யாரும் அதில் இல்லை. தம்பி ஷார்ஜாவில்தான் இருந்தான். ஆனாலும் டிவியில் செய்தி ஓடத் தொடங்கியதும் பெரியம்மாவிடமிருந்து போன். நான் தளத்தைத் திறந்தேன். ஊர் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது போலும், பக்கம் வரத் திணறியது. மேப்பில் அந்த மஞ்சள் விமானம் நூல்கண்டு போல வட்டத்தின் மேல் வட்டம் போட்டது. நான் போனில் “திரும்பிடுச்சு... மறுபடி போகுது...” என்று படித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் பதில் இல்லை. அக்கா சொன்னாள், அம்மா போனை அவளிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறாராம். இங்கேயிருந்து கேட்காது என்று சொல்லியும் உள்ளே வரவில்லையாம். எட்டேகாலுக்கு அது பத்திரமாக இறங்கியது. மேப்பில் உயரம் பூஜ்யம் என்று காட்டியதை நான் சத்தமாகச் சொன்னேன். அக்கா வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

அதன் பிறகு ஒரு யோசனை வந்தது. விமானங்கள் பொதுவாக 10,000 அடிக்குக் கீழே இறங்கும்போது இறங்கு விளக்குகளைப் போட்டுக்கொள்ளும். வானம் தெளிவாக இருந்தால் அந்த வெளிச்சம் பல கிலோமீட்டருக்குத் தெரியும். கூகுள் எர்த்தில் பெரியம்மா வீட்டிலிருந்து தெற்கே அந்தப் பாதைக்கு ரூலர் கோடு போட்டு, திசையைக் குறித்துக்கொண்டேன். அடிவானத்திலிருந்து மூன்று நான்கு டிகிரி உயரம், அதாவது கையை நீட்டினால் இரண்டு விரல் அகலம். தம்பி இந்தப் பொங்கலுக்கு லீவில் வந்த இரவு, எல்லோரும் திருச்சிக்குக் கிளம்ப, பெரியம்மாவும் நானும் மட்டும் தென்னந்தோப்பைத் தாண்டி வயல் வரப்பில் நின்றோம். போனில் சிக்னல் இல்லை. தளத்தில் பார்த்து எழுதி வைத்த நேரம் மட்டும் கையில். நாலு நிமிடம் தாமதமாக, வலப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நட்சத்திரம் மாதிரி நின்றது, பிறகு இடப்பக்கமாக மெல்ல நகர்ந்தது. மரங்களுக்குப் பின்னால் போகும் வரை பெரியம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்தபடி நின்றார்.

“சத்தமே வரலியே சாமி” என்றார்.

“தூரம் பெரியம்மா. வராது.”

அப்படியும் நாங்கள் இன்னும் இரண்டு நிமிடம் அங்கேயே நின்றோம்.